படகும் பேருந்துதான்

வாடகை கட்டுப்படியாக வேண்டும், வாசலுக்குப் பேருந்து வரவேண்டும்: நல்ல குடியிருப்புக்கு நகரத் திட்டமிடுவோர் வகுத்த இலக்கணம் இது. உச்சமுனைக்கு இதைப் பொருத்திப் பார்ப்பவர் யார்?

கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாகக் கிடக்கும் மணல்திட்டு அது. அங்கே பேருந்து என்பது படகு. பிரசவ வேதனையானாலும் பரீட்சையானாலும் எஞ்சினில் எண்ணெய் இருந்தால்தான் கரை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, கொழும்பில் அதை அடுப்புக்கணக்கில் பேசினார்கள். படகோட்டிக்கு அது பயணக் கட்டணம். ஒரே இரவில் நான்கு மடங்கு. எந்த நகரத்தில் பேருந்துக் கட்டணத்தை இப்படி ஏற்றிவிட்டு அமைச்சர் நிம்மதியாக உறங்கியிருப்பார்?

வாடகை இல்லையே என்பீர்கள். காணி உறுதியும் இல்லையே! தலைமுறையாக இருந்தும் கையில் பத்திரமற்றவர் பலர். 2000களில் வகுத்த கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டமோ 14 தீவுகளைக் கணக்கில் எடுத்தது. ஹோட்டல், கோல்ஃப் மைதானம், உள்ளூர் விமான நிலையம் யாவும் அதில் இருந்தன. வருகிறவனுக்கு ஓடுபாதை, இருக்கிறவனுக்கு?

கடலில் வீதி போட முடியாது என்ற சாக்கு வேண்டாம். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே குமுதினி ஓடவில்லையா? அதுவும் அரச படகுதான். அதைப்போல் ஒன்றைக் கற்பிட்டித் துறையில், பேருந்து நேரத்தோடு இணைத்து விடட்டும். குடியிருப்பவர் கையில் உறுதியைக் கொடுத்த பிறகு முதலீட்டாளரோடு குத்தகை பேசட்டும்.