ஓதுவதைக் கேட்பவர் யார்?



இணையவழியில் பிள்ளைக்குக் குர்ஆன் கற்பிக்க, பதிவு செய்த பாடமா, நேரலையில் உஸ்தாதா? பதிவு மலிவு, எந்நேரமும் கேட்கலாம். 1961-இல் வெளிவந்த காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் கிராஅத் இன்றும் செவிக்கு விருந்தன்றோ!

ஆயினும் பிள்ளை ஓதுவதைப் பதிவு கேளாது. அடிநாவிலிருந்து எழும் 'காஃப்' கொண்டு மொழிந்தால் 'கல்பு' இதயம். ஒலி சற்றே முன்னே வந்தால் அதுவே நாய்! தமிழில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறோம். பிள்ளை பிழையாக ஓதினாலும் பதிவு தன்பாட்டில் ஓடும். உஸ்தாது அவ்விடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். ரமலான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓதிக் காட்டியதை நாம் அறிவோம்.

பொருள் வசதி குறைவெனில் வாரம் இரு நாள் நேரலை போதும். ஏனைய நாட்களில் பதிவைக் கேட்கட்டும். பல பிள்ளைகளை ஒருசேர ஓதவிடும் நேரலை பதிவினும் மேலன்று. தனித்தனியே ஓதிக் காட்ட வாய்ப்புண்டா எனக் கேட்டறிந்து சேருங்கள்.