நீராவியின் அலறலும் அண்டை வீட்டாரின் உரிமையும்



பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் இளைஞர்கள் கொதித்தெழுகின்றனர். "சில நிமிட பாங்குதான் இவர்கள் காதுக்கு இரைச்சலா? இரவில் பாய்லர்கள் அலறுகின்றனவே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை?" என்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த பாய்லர் யாருடையது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும் அல்லவா?

பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை ஆகியவை தோல் தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். தமிழகத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பது ஆம்பூரையும் வாணியம்பாடியையும் அறிந்தவர்களுக்குத் தெரியும். வெந்நீர் வைக்கவும், தோலை உலர்த்தவும், மெருகேற்றவும் நீராவி வேண்டும். நீராவி அழுத்தம் அளவு மீறினால் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும். அப்போது எழும் அலறல் நள்ளிரவில் தொட்டில் குழந்தையையும் நோயாளியையும் எழுப்பிவிடும்.

அண்டை வீட்டார் நம் தீங்கிலிருந்து அச்சமற்று இல்லையெனில் நம் ஈமானே கேள்விக்குரியது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பள்ளிவாசலில் சப்தமிட்டு ஓதியவர்களிடம்கூட, ஒருவர் மற்றவருக்கு இடையூறு செய்ய வேண்டாம் எனத் தடுத்தார்கள். குர்ஆன் ஓதும் குரலுக்கே இந்த வரம்பு என்றால், பாய்லரின் குரலுக்கு வரம்பு இல்லையா? அண்டை வீட்டார் முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

1996 கற்பித்த பாடம்

தோல் கழிவுநீர் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தபோது பொதுமக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். நாம் மெத்தனமாக இருந்தோம். விளைவு என்ன? 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அண்டை வீட்டாரின் முறையீட்டைக் கேளாதவர்கள் நீதிமன்றத்தின் உத்தரவைக் கேட்க நேர்ந்தது. இரைச்சல் விஷயத்திலும் அதுவரை காத்திருக்கப் போகிறோமா?

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும்தான் எல்லை. அதே ஆண்டில், சென்னையின் ஒரு தேவாலய ஒலிபெருக்கி வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துத் தொழ எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தொழுகைக்கே இந்தத் தீர்ப்பு என்றால் தொழிலுக்குச் சலுகை கிடைக்குமா?

செய்ய வேண்டியது என்ன?

சேஃப்டி வால்வை அடைப்பதோ இறுக்கிக் கட்டுவதோ கூடவே கூடாது. பாய்லர் வெடித்து உயிர்கள் போகும். வால்வு அடிக்கடி திறக்கிறது என்றால் தேவைக்கு மேல் எரிக்கிறீர்கள் என்று பொருள். தீயைக் குறையுங்கள். வீணாகும் நீராவி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்தான். வீண் விரயமும் மார்க்கம் வெறுப்பதல்லவா?

அடுத்தது சைலன்சர். வேகமாகப் பாயும் நீராவி அசையாத காற்றோடு மோதிக் கலப்பதால்தான் இரைச்சல் பிறக்கிறது. பாயும் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 24 டெசிபல் குறையும் என்பது ஒலியியல் கணக்கு. ஆகவே சைலன்சரில் நீராவியைப் பல சிறு துளைகள் வழியே பிரித்து விடுகிறார்கள். எஞ்சும் ஒலியைச் சுற்றியுள்ள கனிமப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். சேஃப்டி வால்வின் வாயில் பொருத்துவதாயின் நீராவியின் வழி நெருக்கப்படக் கூடாது. பாய்லர் ஆய்வாளரின் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும். பாய்லரிலிருந்து கசடு நீரைத் திறந்துவிடும் வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லை!

மூன்றாவது, முன்கூட்டியே சொல்லுங்கள். 2011இல் கூடங்குளம் அணு உலையின் சோதனை ஓட்டத்தில் வெளியேறிய நீராவியின் ஓசை சுற்றுக் கிராமங்களைக் கலங்கடித்தது. காரணம் தெரியாத ஓசை அச்சத்தையே விதைக்கும். வால்வைச் சோதிக்கும் நாளை அக்கம்பக்கத்தாருக்கு முதல் நாளே தெரிவிக்க ஒரு வாய் வார்த்தை போதும்.

பாய்லர் அருகே நிற்கும் தொழிலாளியை மறந்துவிடாதீர்கள். அவர் காது போனால் திரும்பி வராது. காதுக்கவசம் கொடுங்கள், அதை அவர் அணிகிறாரா என்றும் பாருங்கள்.

இளைஞர்களே! முதலில் ஆலை முதலாளியின் கதவைத் தட்டி ஸலாம் சொல்லி எடுத்துரையுங்கள். கேட்கவில்லையா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு மனு எழுதுங்கள். முதலாளி நம் ஜமாஅத்தின் பெரிய புரவலராக இருந்தாலும் சரியே! நமக்கெதிராகவே ஆயினும் நீதிக்குச் சாட்சி சொல்லக் கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். நம் பாய்லரை அடக்கிய பிறகு நம் உரிமைக்காகப் பேசிப் பாருங்கள். அந்தக் குரலுக்கு ஊரே செவிசாய்க்கும்.

அண்டை வீட்டார் நிம்மதியாக உறங்கும் ஊரை ஆக்கித்தர வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக!