சட்டமும் நாமும்: செல்போன் யார் கையில்?

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். கோர்ட்டுக்குப் போகாமல் வழக்குகளைச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ள உதவும் செயலியை வடிவமைக்க மாணவர்களுக்கு ஒரு போட்டியாம். இன்ஜினீயரிங் படிக்கும் தோழிகளோடு சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறாள். "புருஷன் பெண்டாட்டி தகராறைத் தீர்க்கும் செயலி செய்யப் போகிறேன் என்கிறாள். இது நடக்கிற காரியமா? அடுப்படியில் இருக்கும் நான் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

நடக்கிற காரியம்தான். அமெரிக்காவில் ஈபே நிறுவனம் 1999-லேயே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு இதைப் பரீட்சித்துப் பார்த்தது. சாமான் உடைந்து வந்தது, பணம் வரவில்லை என்கிற மாதிரியான சண்டைகள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2016 முதல் இணையத்திலேயே நடக்கும் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. முதலில் பேசி முடிக்க வழி காட்டும், முடியாவிட்டால்தான் தீர்ப்பு. நம் நாட்டிலும் கொரோனா சமயத்தில், 2020-ல், சில மாநிலங்களில் லோக் அதாலத்தை வீடியோ மூலம் நடத்தினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாமான் உடைந்த வழக்கில் வாங்கியவர் ஓர் ஊர், விற்றவர் ஓர் ஊர். குடும்ப வழக்கிலோ பல சமயம் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ். எத்தனையோ வீடுகளில் ஒரே செல்போன்!

மனைவி ராத்திரி ஒளிந்து உட்கார்ந்து மனுவை நிரப்புகிறாள். ஓ.டி.பி. யார் நம்பருக்கு வரும்? காஸ், பாங்க், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் நம்பரைத்தானே கொடுத்து வைத்திருக்கிறோம்? அவள் எழுதியது முதலில் அவர் கண்ணில்தான் படும். அடி வாங்குகிற பெண்ணாக இருந்தால் அன்று என்ன ஆகும்?

ஆகவே, செயலியின் முதல் கேள்வி பெயரும் விலாசமும் வேண்டாம். "இந்தப் போனை வேறு யாரும் பார்ப்பார்களா?" என்று இருக்கட்டும். அடுத்தது, "அவரிடம் உங்களுக்குப் பயமா?" ஆம் என்றால் பேரம் பேசச் சொல்லவே கூடாது. அங்கேயே நின்று, பெண்கள் உதவி எண் 181-ஐயும், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரையும் காட்ட வேண்டும். மிரண்டவளும் மிரட்டியவரும் செய்துகொள்வதற்குப் பெயர் சமரசமா என்ன?

வீடியோவிலும் இதே தொல்லைதான். மாமியார் காமிரா ஓரத்தில் நின்று கண்ணை உருட்டினால் மத்தியஸ்தருக்குத் தெரியுமா? சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய சமரச மையம் போன்ற இடங்களில் ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்கார வைத்துப் பேச முடியும். 2023-ஆம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டமும் இணைய வழிக்கு இரு தரப்பாரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தச் சம்மதத்தையும் அவளைத் தனியாகக் கேட்டு வாங்கட்டும்.

கணக்கு விஷயத்தில் மட்டும் செயலியை நான் மெச்சுவேன். நகை, பாத்திரம், ஸ்கூல் பீஸ், வாடகை, பால் பாக்கி என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும். நடுவில் யாரும் கத்த மாட்டார்கள், பாருங்கள்!

இன்னொன்று, 'சம்மதம்' என்ற பொத்தான். லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும் என்பது வாஸ்தவம். அதற்காக அவசரப்படலாமா? பொத்தானுக்கு முன்னால் நாலு நாள் அவகாசமும், வக்கீலிடம் காட்ட வழியும் வேண்டும். வக்கீலுக்குக் காசில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள்.

போட்டிக்கு அனுப்புமுன் செயலியை உங்கள் போனில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடமும் கொடுங்கள். எந்த இடத்தில் அவர் "இது என்னடி?" என்று நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த இடத்தை உங்கள் பெண் மாற்றி எழுதட்டும்.