உம்மாமார் சொல்லாமல் விட்ட கதை



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்ப்பவர்களும் எங்களைப் போல் பாடசாலையில் இருப்பவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு ஆங்கில நாவலை மாறி மாறி வாசித்து முடித்தோம். நயோமி முனவீர 2016 இல் வெளியிட்ட 'வட் லைஸ் பிட்வீன் அஸ்'. இலங்கையில் பிறந்து, நைஜீரியாவில் வளர்ந்து, பிறகு அமெரிக்கா போனவர் அவர். அவருடைய முதல் நாவலுக்கு 2013 இல் ஆசியப் பிராந்தியத்துக்கான கொமன்வெல்த் புத்தகப் பரிசு கிடைத்தது. அது யுத்தம் பற்றியது. இது வீட்டுக்குள் நடக்கும் யுத்தம்.

கதை சொல்பவள் சிறையில் இருக்கிறாள். அவள் ஒரு தாய். ஒரு தாய் செய்யவே கூடாத காரியத்தைச் செய்துவிட்டாள் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். ஏன் செய்தாள் என்பதுதான் மிச்சக் கதை. அதைச் சொல்ல அவள் தன் சிறுவயதுக்குப் போகிறாள். அந்தச் சிறுவயது எங்கேயோ இல்லை, இங்கேதான், கண்டியில். மகாவலிக்கரை, பெரிய வீடு, தோட்டம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் தகப்பன், அழகான ஆனால் எப்போது சிரிப்பாள் எப்போது கதவைப் பூட்டிக்கொள்வாள் என்று தெரியாத தாய். நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் ஆறு அது. அதனால்தான் வாசிக்க வாசிக்க நெஞ்சு கனத்தது.

அது ஒரு சிங்களக் குடும்பத்தின் கதை. சமையலும் வணக்கமும் நம்முடையதல்ல. ஆனால் அந்த வீட்டின் மௌனம் நமக்கு நன்றாகத் தெரிந்த மௌனம்.

முடிவைச் சொல்ல மாட்டோம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சிறுமிக்கு ஏதோ நடக்கிறது என்று தெரிந்த உடனேயே நாங்கள் ஐந்து பேரும் மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டோம். படிப்பில்லாதவன், ஏழை, வெளியாள், இவன்தான் என்று. கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது எங்கள் தீர்ப்பை நாங்களே திரும்ப வாசிக்க வேண்டி வந்தது. வேன் ஓட்டுபவரையும் கூலியாளையும் பார்த்துப் பயப்படச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். மரியாதையான மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்தப் புத்தகம் தாய்மையைக் கொச்சைப்படுத்துகிறது என்று எங்களில் ஒருவர் கோபப்பட்டார். தாயின் காலடியில் சுவர்க்கம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம், அந்தக் கோபம் விளங்குகிறது. ஆனால் நாம் அந்த வார்த்தையை எப்படிப் பாவிக்கிறோம்? தாயை மதிக்கத்தான் அது. தாய்க்கு ஒரு கடந்த காலம் இருக்கக் கூடாது, அவள் ஒரு காலத்தில் பயந்த சிறுமியாக இருந்திருக்கக் கூடாது என்று சொல்வதற்கல்ல. நம் உம்மாமாரிடம் அவர்களுடைய பதினான்கு வயதைப் பற்றி எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்த தாய்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! கொண்டுவந்த சாமான்களைக் கேட்டோம். அங்கே என்ன நடந்தது என்று கேட்டோமா?

நாவலில் எங்களுக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. சிறுவயதில் காயப்பட்டவள் தாயானால் ஆபத்து என்ற எண்ணத்தை அவசரமாக வாசிப்பவருக்கு அது கொடுத்துவிடலாம். அது சரியல்ல. அப்படிக் காயப்பட்டும் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் தாய்மார் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். எங்கள் வாசிப்பில் அந்தப் பெண்ணை அழித்தது காயம் மட்டுமல்ல, அதைச் சொல்ல ஒரு வாசலும் திறக்கப்படாததுதான். அவளுடைய தாய் மறைத்தாள். அவளும் கணவனிடம் மறைத்தாள். மானத்தைக் காப்பாற்றப் போட்ட பூட்டு பிள்ளையின் கழுத்தில் விழுந்தது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினாள். கொப்பிகள் வெறுமையாக வந்தன. இடைவேளையில் வகுப்பை விட்டு வெளியே வர மாட்டாள். உம்மாவைக் கூப்பிட்டோம். "ஒண்டும் இல்ல டீச்சர், பெருசாக்க வாணாம். மூத்தவக்குக் கலியாணம் பேசியிருக்கு" என்றார். என்ன ஒன்றுமில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்த பிறகும் கேட்கவில்லை. அடுத்த தவணைக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த உம்மாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவரும் யாரோ ஒருவரிடம் வாய் மூடப் பழகியவராக இருக்கலாம். குறை எங்களுடையது. படித்தவர்கள் நாங்கள், சம்பளம் வாங்குபவர்கள் நாங்கள்.

அன்று எங்களுக்குச் சட்டம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் குற்றம் தனிக் குற்றமாக எழுதப்பட்டது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். எல்லாம் இருந்தது. எங்களுக்குத் துணிவுதான் இருக்கவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பிள்ளையின் பெயரை ஊருக்குச் சொல்லாமல் காப்பது அமானிதம். பிள்ளைக்கு நடந்ததை உரிய இடத்தில் சொல்லாமல் விடுவது அமானிதம் அல்ல, அநியாயம். இரண்டையும் ஒன்றாக்கி "மானம்" என்று பெயர் வைத்துவிட்டோம்.

உம்மாமாரே, உங்கள் கதையை உலகத்துக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் மகள் ஏதாவது சொல்ல வந்தால், "சத்தம் போடாதே" என்பது முதல் வார்த்தையாக இருக்க வேண்டாம். "நான் நம்புறன், சொல்லு மகள்" என்று சொல்லுங்கள். ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு உம்மா "ஒண்டும் இல்ல" என்றால், கதிரையை இழுத்துப் போட்டு இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

கருத்து எழுதுபவர்கள் தயவுசெய்து பெயர், ஊர் சொல்லி யாருடைய கதையையும் இங்கே போட வேண்டாம். பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. வாய் திறக்க வேண்டிய இடத்தில் வாய் திறக்கும் துணிவை நமக்கும் தருவானாக. ஆமீன்.