இயற்கையைக் காக்க கதை போதுமா? பள்ளிகளில் எது எடுபடும், எது எடுபடாது?

'மரம் வளர்ப்போம்', 'நெகிழியைத் தவிர்ப்போம்' என்று சுவரில் எழுதாத பள்ளியைப் பார்ப்பது அபூர்வம். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடம் இருக்கு, தேர்வும் இருக்கு. ஆனா, வாசிக்கவே தடுமாறும் குழந்தைக்கு அந்தப் பாடம் எப்படிப் போய்ச் சேரும்? கதைப் புத்தகங்கள் மீது கல்வியாளர்களின் கவனம் திரும்பியிருப்பது இதனால்தான்.

சிக்கல் எங்கே?

கிராமப்புற மாணவர்களின் கற்றல் நிலையை ஆராயும் 'ஏசர்' அறிக்கையின்படி, நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளின் 3-ம் வகுப்பில் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2022-ல் 16.3 சதவிகிதம். 2024-ல் இது 23.4 சதவிகிதமாக உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் நான்கில் மூன்று குழந்தைகள் இன்னும் திணறுகிறார்கள்.

கதை என்ன செய்யும்?

'நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்' என்பது மனப்பாட வரி. எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், அவ்வளவுதான். 'ஏரி வத்திப் போச்சு, தவளை இனி எங்கே போகும்?' என்று கேட்டால், பதில் தெரிஞ்சுக்கவே குழந்தை அடுத்த பக்கத்தைப் புரட்டும். வாசிப்பும் வளரும், ஏரியும் மனசுல நிற்கும்.

புத்தகங்கள் இருக்கா?

இருக்கு. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்கம்' நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று குழந்தைகளின் வாசிப்புத் திறனுக்கேற்பப் பிரிக்கப்பட்டுள்ளன. 2015-ல் பிரதம் புக்ஸ் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம், அச்சிடலாம்.

எங்கே சறுக்குகிறது?

முதல் சறுக்கல், கதை முடிந்ததும் 'இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?' என்று கேட்பது. அந்த நொடியே கதை மறுபடியும் பாடமாகிவிடும்.

இரண்டாவது, கொஞ்சம் சிக்கலானது. மரங்களை வெட்டி ஊரே பொட்டலாகும் கதையைச் சொல்லும் டாக்டர் சூஸின் 'தி லோராக்ஸ்' 1971-ல் வெளியானது. மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த கலிஃபோர்னியாவின் லேட்டன்வில் ஊரில், 1989-ல் இந்தப் புத்தகத்தைப் பள்ளியின் கட்டாய வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி எதிர்ப்பு கிளம்பியது.

நம்ம ஊரிலும் இதே கேள்வி உண்டு. 'பட்டாசு வெடிக்காதே' என்று முடியும் கதையை, பெற்றோர் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் சிவகாசிக் குழந்தை எப்படி வாசிக்கும்? அப்பா செய்வது தப்பா என்றுதானே கேட்கும்?

அப்போ என்ன வழி?

குழந்தையைக் குற்றவாளி ஆக்காத கதைகள் வேண்டும். காற்றும் கெடக்கூடாது, வீட்டில் அடுப்பும் எரியணும் என்ற இரண்டு பக்கத்தையும் பேசும் கதைகள் வேண்டும். கூடவே, மதிப்பெண் போடாத ஒரு வாசிப்பு வகுப்பும், பூட்டு போடாத நூலக அலமாரியும் வேண்டும். சுவரில் வாசகம் எழுதுவதைவிட இது செலவு அதிகம் பிடிக்கும் வேலை இல்லை. பொறுமைதான் கூடுதலாகத் தேவை.