ஃபுல் டேங்க் அடிப்பது எந்த நாளில்?



முந்தநாள் மாதக் கடைசி. மஃரிபு தொழுதுவிட்டு வெளியே வந்தால், பெற்றோல் செட்டிலிருந்து பிரதான வீதி வரைக்கும் மோட்டார் சைக்கிள் வரிசை. விசாரித்தால் எல்லோருடைய போனிலும் ஒரே வட்ஸ்அப் செய்தி. இரவு பன்னிரண்டு மணிக்கு விலை கூடுகிறதாம், நாளைக்குப் பெற்றோல் இல்லையாம். யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம், நாங்களும் வண்டியைத் திருப்பி வரிசையில் நின்றோம். எங்கள் டேங்க்கில் அப்போது பாதிக்கு மேல் இருந்தது.

முக்கால் மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஓட்டோக்காரத் தம்பி. அவருடைய முறை வந்ததும் 500 ரூபாய்க்கு அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான் அவருடைய கையில் இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் அடிப்பாராம். அந்த முக்கால் மணி நேரத்தில் அவருக்கு இரண்டு ஹயர் போயிருக்கும். வரிசை அவ்வளவு நீண்டதற்குக் காரணம் அவரைப் போன்றவர்கள் இல்லை. பாதி டேங்க்கை வைத்துக்கொண்டு வந்து நின்ற நாங்கள்தான்.

அப்படி நின்று நாம் சம்பாதித்தது என்ன? லீற்றருக்கு 10 ரூபாய் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளுக்கு 5 லீற்றர் அடித்தால் மிச்சம் 50 ரூபாய். காருக்கு 20 லீற்றர் அடித்தால் 200 ரூபாய். இதற்காக ஊரே இஷாவைத் தெருவில் கழித்தது.

அடுத்த நாள் தரம் 8 பிள்ளைகளிடம் இதையே கணக்காகக் கொடுத்தோம். ஒரு ஊரில் 3000 மோட்டார் சைக்கிள். ஒவ்வொன்றின் டேங்க்கும் 10 லீற்றர். எல்லாவற்றிலும் பாதி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வண்டி ஒரு லீற்றர் குடிக்கும் என்றால் ஊருக்கு ஒரு நாளைக்கு 3000 லீற்றர் போதும். 6600 லீற்றர் பவுசர் ஒன்று வந்தால் இரண்டு நாளைக்குத் தாங்கும். ஒரு வதந்தி வருகிறது, எல்லோரும் ஒரே இரவில் டேங்க்கை நிரப்புகிறார்கள். எவ்வளவு தேவை? 15,000 லீற்றர். ஐந்து நாள் பெற்றோல் ஒரே இரவில். செட்டில் எப்படி இருக்கும்? "இல்லை" என்று பலகை தொங்கும். வட்ஸ்அப்பில் வந்தது உண்மையாகிவிடும்.

பின்வரிசையில் இருந்த ஒரு மகள் கேட்டாள், "சேர், அப்ப பெற்றோல் எங்க போச்சு?" எங்கேயும் போகவில்லை மகள். செட்டின் தாங்கியிலிருந்து நம்முடைய முற்றத்துக்கு வந்து சும்மா நிற்கிறது. 500 ரூபாய்க்கு அடிக்கிறவருக்குத்தான் அது இல்லை.

2025 மார்ச் தொடக்கத்தில் இதைத்தான் கண்டோம். எரிபொருள் விநியோகஸ்தர்கள் 3 சதவீத கமிஷன் பிரச்சினையில் புதிய ஓடர் போடமாட்டோம் என்று சொன்னதும் நாடு முழுக்க வரிசை. நமது பக்கம் பெரும்போக வேளாண்மை வெட்டும் காலம் அது. வெட்டு மெஷினுக்கு டீசல் வேண்டிய நேரம். அதே வருடம் ஜூனில் ஈரான், இஸ்ரேல் சண்டை தொடங்கியதும் திரும்பவும் வரிசை. இரண்டு தடவையும் சில நாட்களில் எல்லாம் வழமைக்கு வந்துவிட்டது.

"சேர், 2022இல் நம்பினவன்தானே ஏமாந்தான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கப்பல் வருமென்று சொன்ன தேதிகள் தள்ளித் தள்ளிப் போயின. அது டொலர் இல்லாமல் வந்த உண்மையான தட்டுப்பாடு. 2021 டிசம்பரில் 177 ரூபாய்க்கு வாங்கிய பெற்றோல் 2022 ஜூனில் 470 ஆனது. ஏப்ரலில் மோட்டார் சைக்கிளுக்கு 1000 ரூபாய், ஓட்டோவுக்கு 1500, காருக்கு 5000 என்று ஒரு தடவைக்கு அளவு வைத்தார்கள். அதுவும் போதாமல் கியூஆர் முறை வந்தது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. பள்ளிக்கூடம் வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. வரிசையில் நின்ற வயதானவர்கள் விழுந்து மௌத்தான செய்திகளும் வந்தன. 2023 செப்டெம்பர் முதலாம் திகதிதான் அந்த ஒதுக்கீடு முடிந்தது.

அந்த நாட்களைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2022 மே மாதம் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இரண்டு கேன் பெற்றோல் இருந்தது. தெரிந்த ஒருவர் மூலம் எடுத்தது. "அவசரத்துக்கு" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பக்கத்து வளவு ஓட்டோக்காரக் காக்கா இரண்டு இரவு வரிசையில் கிடந்து வெறுங்கையோடு வந்திருந்தார். அதே கிழமை ஒரு நடுச்சாமத்தில் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலி. காக்காவின் ஓட்டோவில் பெற்றோல் இல்லை. வீடு வீடாகத் தட்டி, மூன்றாவது வீட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து குழாய் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். எங்கள் கதவைத் தட்டவில்லை. எங்களிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. சுபஹுக்குப் பள்ளியில்தான் எங்களுக்குச் செய்தி கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்தக் கேன்கள் எந்த அவசரத்துக்கு இருந்தன?

காக்கா இதை வாசிப்பார். மன்னித்துக்கொள்ளுங்கள் காக்கா.

பெற்றோலைக் கேனில் வைப்பது அடுத்தவருக்கு மட்டும் கேடு இல்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்படி வரைக்கும் போகும். குமர் பிள்ளைகளும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் அதை வைத்துக்கொண்டு நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

அப்படியென்றால் எவ்வளவு அடிப்பது? எங்கள் முடிவு இதுதான். மாதச் சம்பளம் எடுக்கிற நாம் சாதாரண நாளில், வரிசை இல்லாத நேரத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். முள் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த அமைதியான நாளில் போய் அடிக்க வேண்டும். வதந்தி வந்த நாளில் செட்டுப் பக்கமே போகக்கூடாது. பாதி டேங்க் இருந்தால் நான்கைந்து நாளைக்கு நமக்கு ஒன்றும் ஆகாது. அந்த நான்கைந்து நாளில் பவுசர் வந்துவிடும். உண்மையான தட்டுப்பாடாக இருந்தாலும், முதல் நாள் வரிசையை இல்லாதவருக்கு விட்டுக்கொடுக்க நம்மால் முடியும்.

வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் அடித்தால் வண்டி வெடிக்கும், இந்தியன் ஒயில் எச்சரிக்கை என்று ஒரு செய்தி வருடா வருடம் சுற்றுகிறது. அந்த நிறுவனமே அதை மறுத்துவிட்டது. வண்டி செய்தவர்கள் சொன்ன அளவு வரைக்கும் எந்தக் காலத்திலும் நிரப்பலாம். பம்ப் தானாக நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று வாய்வரை ஊற்றாமல் இருந்தால் போதும். மறுபக்கம், எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டுவதும் நல்லதில்லை. இப்போதைய கார்களில் பெற்றோல் பம்ப் டேங்க்கின் உள்ளேயே இருக்கிறது. பெற்றோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

கடற்கரையில் இருக்கிற நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 ஏப்ரல் 11 சுனாமி எச்சரிக்கை நினைவிருக்கிறதா? 2004ஐக் கண்ட ஊர் அல்லவா, உம்மா, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே ஓடினோம். அன்றைக்கு வெற்று டேங்க்கோடு நின்றவர் என்ன செய்திருப்பார்? இப்படி ஒரு நேரம் சொல்லிக்கொண்டு வராது.

பதுக்கல் மார்க்கத்தில் கூடாது என்று ஜும்ஆவில் கேட்கும்போது நாம் எல்லோரும் கடைக்காரரைத்தான் நினைக்கிறோம். நமது சொந்த டேங்க்கை நிரப்புவது பதுக்கலா என்ற தீர்ப்பை உலமாக்களிடம் விடுவோம். ஆனால் தேவைக்கு மேல் இருந்தும் வரிசையில் நின்று, தேவைக்கே இல்லாதவரைப் பின்னால் நிற்க வைப்பது என்னவென்று மனசுக்குத் தெரியும்.

ஆசிரியர்கள், அரச ஊழியர்கள், கடை முதலாளிமார் எல்லோரிடமும் எங்கள் வேண்டுகோள்: அடுத்த மாதக் கடைசிக்கு முன்னால், ஒரு சாதாரண நாள் காலையில் போய் அடித்துக்கொள்ளுங்கள். அன்றிரவு வட்ஸ்அப்பில் என்ன வந்தாலும் அடுத்த குறூப்புக்கு அனுப்பாமல் வீட்டில் இருங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்களும் இருப்போம். ஓட்டோக்காரத் தம்பி தன்னுடைய 500 ரூபாய்க்கு ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டு ஹயருக்குப் போகட்டும்.