தேயாத மூன்று பாட்டுகள்

பங்க் இசையா, அது வெள்ளைக்காரப் பையன்களோட கூச்சல், வசதியான வீட்டுப் பிள்ளைகள் கிழிந்த சட்டை மாட்டிக்கொண்டு பண்ணுகிற சேட்டை, அதில் ஒடுக்கப்பட்டவனுக்கு என்ன இருக்கு என்று கேட்கிற தோழர்கள் உண்டு. பங்க் மாதிரி ஒரு கலகம் உலகத்திலேயே நடந்ததில்லை என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு தரப்பும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எதிரெதிர் போலத் தெரியும். ஆனால் இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே வரலாறு. நியூயார்க்கிலும் லண்டனிலும் வெள்ளையர்கள் பெற்றுப்போட்ட பிள்ளை பங்க் என்கிற வரலாறு. நானும் ரொம்ப காலம் அதைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தது பதினோரு பாட்டு இருந்த ஒரு கேசட்.

'ரெப்போ மேன்' என்று ஒரு படம். 1984இல் வந்தது. இங்கிலாந்துக்காரரான அலெக்ஸ் காக்ஸ் இயக்கியது. கதை நடப்பது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். தவணை கட்ட முடியாதவன் வாசலில் ராவோடு ராவாக வந்து வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போறானே பைனான்ஸ் கம்பெனி ஆள், அவனுக்குத்தான் அங்கே 'ரெப்போ மேன்' என்று பேர். சூப்பர் மார்க்கெட் வேலை போன ஒரு பங்க் பையன், பள்ளிப் படிப்பை முடித்தால் அவனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த பணத்தை டி.வி. போதகருக்குக் காணிக்கையாக அனுப்பிவிட்ட பெற்றோர், வண்டி தூக்குகிற வேலையில் போய்ச் சேருகிறான். டிக்கியில் வேற்றுக்கிரக வாசிகளை வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஒரு செவர்லே மாலிபு காரை எல்லாரும் துரத்துகிறார்கள். கடைகளில் இருக்கும் டப்பாக்களில் கம்பெனிப் பெயரே கிடையாது. 'உணவு', 'பீர்' என்று மட்டும் எழுதியிருக்கும். ரீகன் காலத்து அமெரிக்காவை இதைவிடக் கேலி செய்த படங்கள் குறைவு. முதலில் படம் ஓடவில்லை. படத்தின் பாட்டு ரெக்கார்டு விற்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்டூடியோ விழித்துக்கொண்டு படத்தைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுவந்தது.

எனக்கு இந்தக் கதையெல்லாம் பின்னால் தெரிந்தது. 1992இல் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் கொடுத்த கேசட் மட்டும்தான் முதலில் என்னிடம் இருந்தது. படத்தைப் பார்க்கப் பல வருசம் ஆச்சு. படம் தெரியாமல் பாட்டை மட்டும் கேட்டதில் ஒரு நன்மை இருந்தது. யார் கறுப்பர், யார் வெள்ளையர், யார் எந்தத் தெரு என்று எதுவும் தெரியாது. சத்தம் மட்டும்தான்.

அந்தச் சத்தம் என்னை உலுக்கி எடுத்தது. இகி பாப் பாடிய தலைப்புப் பாட்டு. வெளியே போகாமல் டி.வி. பெட்டிக்கு முன்னால் கிடக்கும் கூட்டத்தைக் கிழிக்கிற பிளாக் ஃபிளாக்கின் பாட்டு. சூசைடல் டென்டென்சிஸின் 'இன்ஸ்டிட்யூஷனலைஸ்ட்' என்ற பாட்டில் ஒரு பையன் பாதி பேசி பாதி அலறுகிறான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை, தனியா உட்கார்ந்து யோசிச்சிக்கிட்டிருக்கான், அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் அவனுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீ யார் என்பதை நீ சொல்லக்கூடாது, நாங்கள் சொல்வோம் என்கிற அதிகாரத்தை நான் வேறு வடிவில் அனுபவித்திருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் அந்தப் பாட்டை விளக்க எனக்கு ஆள் தேவைப்படவில்லை.

இந்தப் பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். நடுவில் மூன்று பாட்டு வரும். ஏ பக்கத்தின் கடைசியில் ஒன்று, பி பக்கத்தில் இரண்டு. மூன்றும் ஒரே குழுவினுடையது: தி பிளக்ஸ். இரண்டு பாட்டு ஸ்பானிஷ் மொழியில். மூன்றாவதில் வார்த்தையே கிடையாது. வேகம் குறைவு, கூச்சல் குறைவு, என்ன பாஷை என்றும் அப்போது தெரியவில்லை. இது என்னத்துக்கு நடுவுல, இடத்தை அடைக்கப் போட்டிருக்கான் என்று நினைத்து பார்வேர்ட் பட்டனை அமுக்கிவிடுவேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பல வருசம்.

பிறகு கேசட்டுக் காலம் முடிந்துபோனது. டப்பா பரண் மேல் ஏறியது. சில வருசங்களுக்கு முன்பு என் அக்கா மகள் வந்திருந்தபோது அதையெல்லாம் கிளறி எடுத்து, பழைய டேப் ரெக்கார்டரைத் துடைத்து, இந்தக் கேசட்டைப் போட்டாள். நான் உயிராய்க் கேட்ட பாட்டெல்லாம் தேய்ந்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்டது. திடீரென்று ஒரு பாட்டு கணீரென்று வந்தது. "மாமா, இது மட்டும் எப்படி புதுசு மாதிரி கேக்குது?" என்றாள். பதில் எனக்குத் தெரியும். ஓட்டிவிடப்பட்ட நாடா ஹெட்டில் உரசவில்லை, அதனால் தேயவில்லை. நான் மதிக்காமல் விட்டது மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவளிடம், "நான் அதைக் கேட்டதே இல்லம்மா" என்றேன். "ஏன்?" என்றாள். அந்த 'ஏன்'தான் இந்தக் கட்டுரை.

தி பிளக்ஸ் யார் என்று அதற்குப் பிறகுதான் தேடினேன். பாடகர் டிட்டோ லரிவா, மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரத்தில் பிறந்தவர். டிரம்ஸ் அடித்த சார்லி கின்டானா, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல் பாசோக்காரர். இவர்கள் சொந்தமாக லேபிள் வைத்து 1979இல் 'எலெக்ட்ரிஃபை மீ' என்ற ரெக்கார்டை வெளியிட்டவர்கள். 'ரெப்போ மேன்' படத்தின் பின்னணி இசையும் லரிவாவும் ஸ்டீவன் ஹஃப்ஸ்டெட்டரும் போட்டதுதான். படத்தின் முடிவில் அந்தக் கார் பச்சையாய் ஒளிவிட்டு வானத்தில் ஏறுகிறதே, அங்கே ஒலிப்பது இவர்களுடைய 'ரீல் டென்'. கேசட்டில் மற்ற குழுக்களுக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு. இவர்களுக்கு மட்டும் மூன்று. 'இடத்தை அடைக்க' என்று நான் தள்ளியவர்கள்தான் படத்தையே தோளில் சுமந்தவர்கள்.

'ஓம்ப்ரே செக்ரெத்தோ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் ஜானி ரிவர்ஸ் பாடிப் புகழ்பெற்ற டி.வி. உளவாளிப் பாட்டு அது. அரசாங்கத்துக்காகப் பேரை மறைத்துத் திரிகிற வெள்ளைக்கார வீரனின் சாகசம். பிளக்ஸ் அதை ஸ்பானிஷில் பாடியதும் பாட்டின் ஆளே மாறிப்போகிறான். லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்பானிஷ் பேசிக்கொண்டு பேரை மறைத்து வாழ்கிறவன் யார்? ஓட்டலில் தட்டு கழுவுகிறவன், தையல் பட்டறையில் குனிந்து கிடக்கிறவள், குடியேற்ற அதிகாரியின் வண்டியைக் கண்டால் பின்வாசல் வழியாக ஓடுகிறவர்கள். வேட்டையாடுகிறவனின் பாட்டை வேட்டையாடப்படுகிறவன் வாய்க்கு மாற்றிவிட்டார்கள். பாடியவர்கள் இப்படி நினைத்துத்தான் பாடினார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. நான் அப்படித்தான் கேட்கிறேன்.

அவர்களுடைய 1979 ரெக்கார்டில் 'லா பாம்பா' இருக்கிறது. மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதி நாட்டுப்பாட்டு அது. 1958இல் அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோன பையனின் பெயர் ரிச்சர்ட் வாலன்சுவேலா. அந்தப் பேரோடு போனால் ரேடியோவில் போடமாட்டான் என்று கம்பெனிக்காரர் அதை 'ரிச்சி வாலன்ஸ்' என்று நறுக்கினார். அடுத்த ஆண்டு விமான விபத்தில் செத்துப்போனபோது அவனுக்கு வயது பதினேழு. இருபது ஆண்டு கழித்து அதே பாட்டை பிளக்ஸ் நான்கு மடங்கு வேகத்தில், முதலாளித்துவத்தைத் திட்டுகிற சொற்களைச் சேர்த்து அடித்தார்கள். பேரை நறுக்கிக்கொண்டு உள்ளே போக மாட்டோம் என்கிற தலைமுறை அது. 'ரெப்போ மேன்' கதாநாயகன் எமிலியோ எஸ்தவெஸ்ஸின் அப்பாவும் அப்படித்தான். பிறந்தபோது ரமோன் எஸ்தவெஸ். ஸ்பானிஷ் பேருக்கு வேலை கிடைக்கவில்லை என்பதால் மார்ட்டின் ஷீன் ஆனார். பிள்ளை தாத்தாவின் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பேரைச் சொன்னதும் வேலைக்கான கதவு சாத்திக்கொள்வது என்னவென்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பங்க் என்கிற சொல்லுக்கே வருவோம். 1971இல் 'கிரீம்' என்ற ராக் பத்திரிகையில் டேவ் மார்ஷ் 'பங்க் ராக்' என்று எழுதினார். அச்சில் அந்தச் சொல் ஏறிய ஆரம்ப இடங்களில் அது ஒன்று. யாரைப் பற்றி எழுதினார்? '96 டியர்ஸ்' என்ற 1966ஆம் வருசத்துப் பாட்டைத் தந்த 'கேள்விக்குறியும் மிஸ்டீரியன்களும்' என்ற குழுவைப் பற்றி. அவர்கள் மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த மெக்சிகோ வழிப் பிள்ளைகள், பயிர் அறுக்க ஊர் ஊராய்ப் போன விவசாயக் கூலிகளின் வாரிசுகள். லண்டன் பையன்கள் சட்டையில் ஊக்குக் குத்துவதற்கு அய்ந்தாறு ஆண்டுகளுக்கு முன்னால். அப்படியானால் பங்க் வெள்ளையர் வீட்டுப் பிள்ளை என்று எழுதினவன் யார்? எந்தக் கூலிக்காரன் மகனைத் தள்ளிவிட்டு எழுதினான்?

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குழுவுக்குப் பேர் 'லாஸ் இல்லீகல்ஸ்'. 'சட்டவிரோதி' என்று திட்டினாயா, அதையே பேராய் வைத்துக்கொள்கிறேன் என்றார்கள். 'தி பேக்ஸ்' குழுவின் பாடகி ஆலிஸ் பேக், பிறந்த பேர் அலிசியா அர்மென்தாரிஸ், வீட்டில் அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்த கோபத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர். அதை 2011இல் 'வயலன்ஸ் கேர்ள்' என்று புத்தகமாகவும் எழுதினார். இந்தத் தலைமுறை வளர்ந்த தெருக்களில் 1967இல் 'பிரவுன் பெரேஸ்' என்ற இளைஞர் இயக்கம் எழுந்தது. கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இயக்கம். 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் அங்கே ஊர்வலம் போனார்கள். போலீஸ் புகுந்து அடித்தது. ரூபன் சலசார் என்ற பத்திரிகையாளர் ஷெரிஃப் படையின் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பாய்ந்து செத்தார். அடுத்த இரண்டு வருசத்தில், 1972இல், அதே கறுஞ்சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டு பம்பாயில் தலித் சிறுத்தைகள் கிளம்பினார்கள். ஒரே ஊற்றில் இரண்டு பேரும் தண்ணி குடிச்சிருக்கோம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமலே.

இதனால் பங்க் முழுக்க நம்ம தோழன் என்று சொல்ல வரவில்லை. அதே கேசட்டில் 'ஃபியர்' என்ற குழுவும் இருக்கிறது. 1981இல் வந்த ஒரு ஆவணப்படத்தில் அவர்கள் மேடையில் நின்று ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் வசவுகளைக் கொட்டுகிறார்கள். 'கிண்டல்தான் பண்ணினோம்' என்று இதற்கெல்லாம் பதில் வரும். யாரை வைத்துக் கிண்டல் என்பதுதான் கேள்வி. அதே ஆவணப்படத்தில் பிளாக் ஃபிளாக் குழு, வெள்ளையன் சிறுபான்மை ஆகிவிடுவதாகக் கேலியாய் ஒரு பாட்டைப் பாடுகிறது. பாடுகிறவர் ரான் ரேயஸ், போர்ட்டோ ரீக்கோ வம்சத்தவர். டிரம்ஸ் அடிக்கிற ரோபோ கொலம்பியாக்காரர். வெள்ளைச் சத்தம் என்று நான் நினைத்து ரசித்த குழுவிலும் இவர்கள்தான் நின்றிருக்கிறார்கள். கலகம் என்று பேர் வைத்துவிட்டால் உள்ளே ஏற்றத்தாழ்வு இருக்காது என்று யாரும் ஏமாற வேண்டாம்.

இப்போது அந்த 'ஏன்'. நான் ஏன் அந்த மூன்று பாட்டையும் ஓட்டிவிட்டேன்? பாஷை தெரியாததாலா? இகி பாப் பாடியது மட்டும் எனக்கு முழுசாய்ப் புரிந்ததா என்ன! இங்கிலீஷ் புரியாவிட்டால் என் குறை, ஸ்பானிஷ் புரியாவிட்டால் அவன் குறை. இதுதான் என் காதுக்குள் உட்கார்ந்திருந்த கணக்கு. மேலே இருக்கிறவன் கூச்சல் போட்டால் கலகம், கீழே இருக்கிறவன் பாடினால் இடைச்செருகல். எங்கள் பாட்டை இசை இல்லை என்று சொன்னவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் உண்டு! அதே வேலையை என் வீட்டில், என் கட்டைவிரலால், ஒரு பட்டனை அமுக்கி நான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்றைக்கு எந்தப் பாட்டும் கைபேசியில் கிடைக்கிறது. நீ முன்பு கேட்டது எதுவோ அதைப் போலவே இன்னொன்றை அதுவே எடுத்து நீட்டுகிறது. சொகுசுதான். ஆனால் என்னிடம் இருந்த கணக்கை அதனிடம் கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் பிளக்ஸ் என் காதில் விழுந்திருக்க மாட்டார்கள். அந்தக் கேசட்டு வேண்டியவனையும் வேண்டாதவனையும் ஒரே நாடாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது. நான் எழுப்பித் துரத்தியும் அவர்கள் எழுந்து போகவில்லை. முப்பது வருசம் தேயாமல் காத்துக் கிடந்தார்கள்.

ஆகவே, புது இசை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த தொகுப்பை எடுங்கள். அதில் நீங்கள் வழக்கமாய்த் தாண்டிப்போகிற பாட்டு எதுவென்று பாருங்கள். அதைப் பாடினவன் பேர் என்ன, அவன் அப்பா அம்மா என்ன வேலை செய்தார்கள், எந்தத் தெரு என்று விசாரியுங்கள். பிடிக்காவிட்டால் போகட்டும். விசாரிக்காமல் தாண்டாதீர்கள்.

கேசட்டை அக்கா மகள் கொண்டுபோய்விட்டாள். போகும்போது, "மாமா, அந்த மூணு பாட்டையும் தேய்ச்சுட்டுத்தான் திருப்பித் தருவேன்" என்றாள். தேயட்டும்.